கலப்படமற்ற கொக்கோ தந்த ஜார்ஜ் கேட்பரி

கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா எதுவானாலும், நம் சித்தூர், திருப்பதி பக்கத்தில் இப்போது தாம்பூலத் தட்டோடு ஒரு சாக்லெட் பெட்டியும் வந்து நிற்கிறது. குவைத், துபாய், லண்டன் என்று பிழைக்கப் போனவர்கள் ஊர் திரும்பும்போது, வீட்டுப் பிள்ளைகள் முதலில் தேடுவதும் அதைத்தான்.

சில மாதங்களுக்கு முன் உறவுக்காரப் பையன் ஒருவன் வெளிநாட்டில் இருந்து கங்காதர நெல்லூருக்கு வந்தான். தங்க நிறக் காகிதம் சுற்றிய பெட்டி ஒன்றை எங்கள் வீட்டில் கொடுத்தான். மேலே பனிமலைப் படம். அதன் கீழே வாயில் நுழையாத ஓர் ஐரோப்பியப் பெயர். அவனுடைய இரண்டு நாள் சம்பளமாவது அதில் போயிருக்கும். குழந்தைகள் ஆவலோடு பிரித்தார்கள். ஆளுக்கு ஒன்று வாயில் போட்டதோடு சரி. இரண்டாவதற்குக் கை நீளவில்லை. மெழுகைக் கடித்தது போல இருந்தது.

ரயில்வே குமாஸ்தாவான எனக்குப் பார்சல் சீட்டுகளைப் படித்துப் படித்துப் பழகிய கண். பெட்டியைத் திருப்பிப் பின்னால் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். முதலில் சர்க்கரை. அடுத்தது தாவரக் கொழுப்பு. கொக்கோ என்ற சொல் நான்காவது இடத்தில் இருந்தது. பையன் பாவம், பெட்டியின் அழகைப் பார்த்து ஏமாந்திருக்கிறான்.

இந்த ஏமாற்று இன்று நேற்று தோன்றியதல்ல. 170 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் இதைவிட மோசமாக நடந்தது. அந்தக் காலத்தில் சுத்தமான சரக்கை விற்றே பெயர் வாங்கியவர் ஜார்ஜ் கேட்பரி. அவருடைய குடும்பப் பெயர் நம் ஊர்ப் பெட்டிக்கடை வரை வந்துவிட்டது. ஆனால் ஆளைப் பற்றி அறிந்தவர்கள் குறைவு. அவர் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால், நல்ல சாக்லெட்டை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

தேயிலைக் கடைக்காரரின் மகன்

ஜார்ஜ் கேட்பரி 1839-ம் ஆண்டு செப்டம்பர் 19-ந் தேதி இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரைச் சேர்ந்த எட்ஜ்பாஸ்டனில் பிறந்தார். கிரிக்கெட் ரசிகர்களுக்குத் தெரிந்த அதே எட்ஜ்பாஸ்டன்தான். தந்தை ஜான் கேட்பரி. தாயார் கேண்டியா.

ஜான் கேட்பரி 1824-ம் ஆண்டு பர்மிங்ஹாமில் புல் தெரு என்னும் இடத்தில் ஒரு கடை திறந்தார். தேயிலை, காப்பி, குடிக்கும் கொக்கோ ஆகியவற்றை விற்றார். 1831-ல் ஒரு கிடங்கை வாடகைக்குப் பிடித்து, கொக்கோவைத் தாமே தயாரிக்கத் தொடங்கினார்.

கேட்பரி குடும்பத்தார் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். இந்தப் பிரிவினர் போரை ஏற்பதில்லை. பலர் மதுவைத் தொடுவதில்லை. ஆடம்பரம் கூடாது, வியாபாரத்தில் ஒரே விலை சொல்ல வேண்டும், எடையில் குறைக்கக் கூடாது என்பதில் கண்டிப்பானவர்கள். அக்காலத்தில் இங்கிலாந்தின் பெரிய பல்கலைக்கழகங்கள் இவர்களுக்குக் கதவைத் திறக்கவில்லை. ஆகவே பலர் வியாபாரத்தில் இறங்கினார்கள். சாராயத்துக்குப் பதிலாக ஏழைகள் குடிக்க ஒரு சூடான பானம் வேண்டும் என்ற எண்ணமும் ஜான் கேட்பரியின் கொக்கோ வியாபாரத்துக்குப் பின்னால் இருந்தது.

1854-ல் விக்டோரியா மகாராணியின் அரண்மனைக்குச் சரக்கு அனுப்பும் அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் அடுத்த ஆண்டே குடும்பத்தில் இடி விழுந்தது. தாயார் கேண்டியா காசநோயால் இறந்தார். ஜான் கேட்பரி மனம் ஒடிந்து போனார். உடல்நலமும் கெட்டது. வியாபாரம் சரிந்தது.

இந்தியாவுக்கு வர இருந்தவர்

1861-ல் தந்தை ஒதுங்கிக்கொள்ள, மூத்தவர் ரிச்சர்டும் இளையவர் ஜார்ஜும் பொறுப்பை ஏற்றார்கள். ரிச்சர்டுக்கு வயது 25. ஜார்ஜுக்கு 21. அதற்கு முன் ஜார்ஜ் யார்க் நகரில் ரவுன்ட்ரீ என்ற இன்னொரு குவேக்கர் குடும்பத்தின் மளிகைக் கடையில் சில காலம் தொழில் பழகியிருந்தார்.

தாயார் விட்டுச் சென்ற சொத்தில் ஆளுக்கு 4,000 பவுன் சகோதரர்களுக்குக் கிடைத்திருந்தது. அந்தப் பணத்தைக் கொட்டியும் முதல் சில ஆண்டுகள் நஷ்டம்தான். ஜார்ஜ் காலைப் பத்திரிகை வாங்குவதைக்கூட நிறுத்தினார். தேநீர், காப்பி குடிப்பதையும் விட்டார். மிச்சப்பட்ட ஒவ்வொரு காசும் தொழிலில் போயிற்று.

தொழில் முழுகினால் என்ன செய்வது என்றும் இருவரும் பேசி வைத்திருந்தார்கள். ரிச்சர்டு நில அளவைத் தொழிலுக்குப் போவது. ஜார்ஜ் கப்பலேறி இந்தியாவுக்கு வந்து, இமயமலைச் சாரலில் தேயிலை பயிரிடுவது. அந்த நாலைந்து ஆண்டுகள் இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தால், உலகப் புகழ்பெற்ற கேட்பரி நம் நாட்டில் ஒரு தேயிலைத் தோட்டக்காரராக வாழ்ந்து மறைந்திருப்பார்!

கொக்கோவில் செங்கல் தூள்

அக்காலக் கொக்கோ வியாபாரத்தின் நிலையை இங்கே சொல்ல வேண்டும். கொக்கோக் கொட்டையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. பொடித்து வெந்நீரில் போட்டால் எண்ணெய் மேலே மிதக்கும். குடிக்க முடியாது. அந்த எண்ணெயை உறிஞ்சுவதற்காக உருளைக்கிழங்கு மாவு, சவ்வரிசி மாவு முதலியவற்றைக் கலந்தார்கள். தேவைக்காகத் தொடங்கிய கலப்பு, நாளடைவில் லாபத்துக்காக நடந்தது. மாவு கூடக் கூட நிறம் வெளுத்தது. நிறத்துக்காகச் சிலர் செங்கல் தூளையும் காவிமண்ணையும் சேர்த்தார்கள். 1850-களில் லான்செட் என்ற மருத்துவ இதழ் கடைச் சரக்குகளைச் சோதித்து இந்த அக்கிரமங்களை வெளியிட்டது. நாடே அதிர்ந்தது.

கேட்பரி கடையின் சரக்கும் முழுச் சுத்தம் என்று சொல்வதற்கில்லை. செங்கல் தூள் அதில் இல்லை. ஆனால் பொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் கொக்கோ. மீதி மாவும் சர்க்கரைப் பாகும். பிற்காலத்தில் ஜார்ஜ் கேட்பரியே இதை ஒளிவு மறைவின்றி ஒப்புக்கொண்டார்.

நம் சித்தூர் வெல்ல மண்டியில் நடப்பதை நினைத்துப் பார்த்தால் இது புரியும். வெல்லம் பளபளவென்று வெளுத்து இருக்க வேண்டும் என்று வாங்குகிறவர் கேட்கிறார். அதற்காகக் காய்ச்சும்போது ஹைட்ரோஸ் போடுகிறவர்கள் உண்டு. ஒன்றும் போடாத நல்ல வெல்லம் கறுத்து இருப்பதால், கேட்பாரற்றுக் கிடக்கிறது. அன்றைய இங்கிலாந்திலும் சுத்தமான கொக்கோவுக்கு இதே கதிதான்.

மொழி தெரியாத ஊரில்

ஹாலந்து நாட்டில் வான் ஹூட்டன் குடும்பத்தார் 1828-லேயே கொக்கோவைப் பிழியும் இயந்திரம் ஒன்றுக்கு உரிமை பெற்றிருந்தார்கள். நம் செக்கில் எள்ளை ஆட்டினால் எண்ணெய் வேறு, பிண்ணாக்கு வேறு என்று பிரிகிறது அல்லவா? அதே போல இந்த இயந்திரம் கொக்கோ வெண்ணெயைத் தனியே பிழிந்துவிடும். எஞ்சுவதைப் பொடித்தால் மாவு கலக்கத் தேவையில்லாத சுத்தமான கொக்கோ.

ஜார்ஜ் கேட்பரி ஹாலந்துக்குப் புறப்பட்டார். டச்சு மொழியில் அவருக்கு ஒரு வார்த்தை தெரியாது. அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு, ஜாடையில் பேசி, பேரத்தை முடித்தார். கையில் மிஞ்சியிருந்த பணத்தின் பெரும்பகுதியை அந்த ஓர் இயந்திரத்தில் போட்டார்.

1866-ல் கேட்பரியின் கொக்கோ எசென்ஸ் கடைக்கு வந்தது. மாவு கலந்த சரக்கைவிட விலை அதிகம். முதலில் வாங்க ஆள் இல்லை. சகோதரர்கள் டாக்டர்களைத் தேடிப் போய் மாதிரி கொடுத்தார்கள். மருத்துவ இதழ்கள் பாராட்டின. முற்றிலும் சுத்தமானது என்ற ஒரே செய்தியை ரயில் நிலையங்களிலும் வண்டிகளிலும் விளம்பரமாக எழுதி வைத்தார்கள்.

மற்ற கம்பெனிக்காரர்கள் கொதித்தார்கள். தங்கள் சரக்கு அசுத்தம் என்று ஊரெல்லாம் மறைமுகமாகச் சொல்வதாகக் குறை கூறினார்கள். சகோதரர்கள் பின்வாங்கவில்லை. 1872-லும் 1875-லும் உணவுக் கலப்படத்துக்கு எதிரான சட்டங்கள் வந்தன. பொட்டலத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை மேலே சொல்ல வேண்டும் என்ற வழக்கம் வேரூன்றியது. இன்று நாம் பெட்டியின் பின்பக்கத்தில் படிக்கும் பொடி எழுத்துக்கு மூதாதை அதுதான்.

பரிசுப் பெட்டி பிறந்த கதை

இயந்திரம் வந்ததும் ஒரு புதுப் பிரச்சினை எழுந்தது. பிழிந்தெடுத்த கொக்கோ வெண்ணெயை என்ன செய்வது? அதையும் கொக்கோவையும் சர்க்கரையையும் சேர்த்தால் தின்னும் சாக்லெட். பிரெஞ்சுக்காரர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். பணக்கார ஆங்கிலேயர்கள் பிரான்சில் இருந்துதான் வரவழைத்துக்கொண்டிருந்தார்கள்.

ரிச்சர்டு நல்ல ஓவியர். 1868-ல் அவர் தம் கையால் வரைந்த படங்களை ஒட்டி, அழகிய பெட்டிகளில் சாக்லெட்டை அடைத்து விற்றார். குழந்தையும் பூனைக்குட்டியும், பூக்கள், இயற்கைக் காட்சிகள் என்று பலவிதப் படங்கள். சாக்லெட் தீர்ந்த பிறகும் பெண்கள் அந்தப் பெட்டிகளைத் தூக்கி எறியவில்லை. கடிதங்களும் நகைகளும் வைத்துக்கொண்டார்கள். நம் வீடுகளில் பிஸ்கட் டப்பாவில் ஊசி, நூல், பொத்தான் இருக்கிறதே, அது போலத்தான். 1875-ல் ஈஸ்டர் பண்டிகைக்குச் சாக்லெட் முட்டையும் செய்தார்கள்.

இன்று பரிசாகப் போகும் சாக்லெட் பெட்டிகள் பெரும்பாலும் இந்த வழியில் வந்தவை. ஆனால் ரிச்சர்டின் பெட்டி எவ்வளவு அழகோ, உள்ளே இருந்த சரக்கும் அவ்வளவு சுத்தம் என்பதை மறந்துவிடக் கூடாது.

ரயில் பாதை ஓரத்தில் ஒரு தொழிற்சாலை

தொழில் வளர்ந்தது. நகரத்து நெருக்கடியில் இடம் போதவில்லை. 1878-ல் பர்மிங்ஹாமுக்குத் தெற்கே நாலு மைல் தொலைவில் பதினாலரை ஏக்கர் நிலம் வாங்கினார்கள். அடுத்த ஆண்டு தொழிற்சாலை அங்கே மாறியது. பக்கத்தில் கால்வாய், அதோடு 1876-ல் போடப்பட்ட புதிய ரயில் பாதை. ஸ்டேஷனுக்கு அருகில் தொழிற்சாலை அமைத்தால் சரக்குக்கும் ஆளுக்கும் எவ்வளவு வசதி என்பது ரயில்வேக்காரனான எனக்குத் தெரியும். தொழிலாளர்கள் வந்து போகக் குறைந்த கட்டணச் சீட்டுக்கும் ரயில்வே கம்பெனியிடம் ஏற்பாடு செய்தார்கள்.

அந்த இடத்தில் போர்ன் என்ற சிற்றோடை ஓடியது. அதோடு பிரெஞ்சுச் சாயலில் வில் என்பதைச் சேர்த்துப் போர்ன்வில் என்று பெயர் வைத்தார்கள். அன்று பிரெஞ்சுச் சாக்லெட் என்றால் மதிப்பு அதிகம். சுத்தத்துக்குப் பெயர் போன கேட்பரி சகோதரர்களே பெயர் விஷயத்தில் பிரெஞ்சு மயக்கத்தைப் பயன்படுத்திக்கொண்டார்கள்! பெயரின் ஒலியைக் கேட்டு ஊரை முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதுவே சான்று.

போர்ன்வில்லில் தொழிலாளர்களுக்குச் சாப்பாட்டுக் கூடம், விளையாட்டு மைதானம், நீச்சல் குளம், மருத்துவ வசதி எல்லாம் படிப்படியாக வந்தன. சனிக்கிழமை அரை நாள் விடுமுறை தந்தார்கள். 1906-ல் ஆண் தொழிலாளர்களுக்கு ஓய்வூதிய நிதி ஏற்பட்டது. 1899-ல் 2,600 பேருக்கு மேல் அங்கே வேலை பார்த்தார்கள். ஒரு குறையும் உண்டு. பெண்கள் திருமணம் ஆனதும் வேலையை விட்டு விலக வேண்டும் என்பது விதி. அன்றைய இங்கிலாந்தில் பல இடங்களில் அதுதான் வழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை வாத்தியார்

ஜார்ஜ் கேட்பரி முதலாளி ஆன பிறகும் ஒரு வேலையை விடவில்லை. ஞாயிறுதோறும் விடியற்காலையில் எழுந்து, பர்மிங்ஹாமில் முதியோர் பள்ளிக்குப் போய், எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். சுமார் 50 ஆண்டுகள் இதைச் செய்தார்.

மாணவர்களின் வீடுகளுக்கும் போவார். காற்றும் வெளிச்சமும் இல்லாத பொந்துகளில் அவர்கள் குடும்பம் நடத்துவதைக் கண்டார். குடிப்பழக்கத்துக்கும் நோய்க்கும் வீடே காரணம் என்று அவருக்குத் தோன்றியது. 1893-ல் தம் சொந்தப் பணத்தில் 120 ஏக்கர் வாங்கினார். 1895-ல் வீடுகள் கட்டத் தொடங்கினார். ஒவ்வொரு வீட்டுக்கும் தோட்டம். தோட்டத்தில் பழமரங்கள். மதுக்கடைக்கு இடமில்லை. கேட்பரி தொழிலாளர்களுக்கு மட்டும் என்று இல்லாமல், வெளியாரும் குடியேறலாம்.

1900-ம் ஆண்டில் 300-க்கு மேற்பட்ட வீடுகளும் 330 ஏக்கர் நிலமும் சேர்ந்த அந்தக் குடியிருப்பை அவர் ஓர் அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். தம் பிள்ளைகளுக்கு அதில் பங்கு வைக்கவில்லை. அவருக்கு இரு மனைவியர் மூலம் பதினொரு பிள்ளைகள். முதல் மனைவி மேரி 1887-ல் இறந்தார். மறு ஆண்டு எலிசபெத்தை மணந்தார்.

மூத்தவர் ரிச்சர்டு 1899-ல் ஜெருசலேம் போன இடத்தில் தொண்டை அடைப்பான் நோயால் இறந்தார். பெட்டியில் படம் வரைந்த கை ஓய்ந்தது. முழுப் பொறுப்பும் ஜார்ஜ் மேல் விழுந்தது.

சுவிட்சர்லாந்துப் போட்டி

இதற்குள் சுவிட்சர்லாந்து முந்திக்கொண்டது. 1875-ல் டேனியல் பீட்டர் என்பவர் பாலைச் சேர்த்துச் சாக்லெட் செய்தார். 1879-ல் ரோடால்ஃப் லிண்ட் சாக்லெட் குழம்பை நீண்ட நேரம் தொடர்ந்து அரைத்துக் கடையும் முறையைக் கண்டார். நாக்கில் மணல் போல நறநறவென்று இருந்த சாக்லெட், அதன் பிறகு வெண்ணெயாகக் கரைந்தது. கிரைண்டரில் மாவு எவ்வளவு நேரம் ஓடுகிறதோ அவ்வளவு இட்லி மிருதுவாக இருப்பது போலத்தான். லிண்டின் அந்த முறைதான் இன்றும் உலகமெங்கும் நல்ல சாக்லெட்டுக்கு அடிப்படை.

1897-ல் கேட்பரி கம்பெனி பால் பவுடரைக் கொண்டு ஒரு சாக்லெட் செய்தது. கரடுமுரடாக இருந்தது. எடுபடவில்லை. ஜார்ஜின் மகனான இளைய ஜார்ஜ் பல சோதனைகள் செய்து, பசும்பாலைச் சுண்டக் காய்ச்சிச் சேர்க்கும் முறையை உருவாக்கினார். 1905-ல் டெய்ரி மில்க் பிறந்தது. சுவிஸ் சாக்லெட்டைவிடப் பால் அதிகம் என்பதே அதன் பெருமை.

வெள்ளைச் சட்டையில் கறை

இதுவரை சொன்னதில் ஜார்ஜ் கேட்பரி ஒரு மகானாகவே தெரிவார். ஆனால் அவர் வாழ்க்கையில் ஒரு கறையும் உண்டு. அதை மறைத்து எழுதினால், மாவு கலந்து கொக்கோ விற்ற கதையாகிவிடும்.

கேட்பரிக்கு வேண்டிய கொக்கோவில் பெரும்பகுதி, ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் போர்ச்சுக்கல் ஆண்ட சாவோ டோமே தீவில் இருந்து வந்தது. 1901-ல் அந்தத் தீவில் ஒரு தோட்டம் விற்பனைக்கு வந்தது. விளம்பரத்தில் நிலம், கட்டிடம் ஆகியவற்றோடு 200 கறுப்புத் தொழிலாளர்களும் சொத்துப் பட்டியலில் இருந்தார்கள். ரிச்சர்டின் மகன் வில்லியம் கேட்பரி அதைக் கண்டு திடுக்கிட்டார்.

சட்டப்படி அங்கே அடிமைமுறை ஒழிந்துவிட்டது. ஏட்டில் அவர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தக் கூலிகள். உண்மையில் அங்கோலாவின் உள்நாட்டில் பிடிக்கப்பட்டு, காடுமேடாக நடத்திக் கடற்கரைக்குக் கொண்டுவரப்பட்டு, கப்பலேற்றப்பட்டவர்கள். ஊர் திரும்பியவர் அரிது. குடும்பத்தோடு இலங்கைக்கும் மலேயாவுக்கும் தோட்டக் கூலிகளாகப் போன நம்மவர்களின் கதையை அறிந்தவர்களுக்கு, ஒப்பந்தம் என்ற சொல்லுக்குள் எவ்வளவு கண்ணீர் அடங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கேட்பரி குடும்பத்தார் சும்மா இருக்கவில்லை. வில்லியம் 1903-ல் லிஸ்பனுக்குப் போய் முறையிட்டார். 1905-ல் ஜோசப் பர்ட் என்பவரைத் தீவுக்கும் அங்கோலாவுக்கும் அனுப்பி விசாரித்தார்கள். 1908-ல் வில்லியமே நேரில் போனார். பிரிட்டிஷ் வெளிநாட்டு இலாகா பொறுக்கச் சொன்னது. சரக்கை நிறுத்திவிட்டால் போர்ச்சுக்கல் தங்கள் பேச்சைக் கேட்காது என்றும் அவர்கள் எண்ணினார்கள். இப்படியே ஆண்டுகள் ஓடின. அந்த ஆண்டுகளில் எல்லாம் அதே தீவின் கொக்கோ போர்ன்வில்லுக்கு வந்துகொண்டே இருந்தது. 1909 மார்ச்சில்தான் வாங்குவதை நிறுத்தினார்கள்.

கால் பென்னித் தீர்ப்பு

ஜார்ஜ் கேட்பரிக்கு டெய்லி நியூஸ் என்ற பத்திரிகை சொந்தம். 1901-ல் அதை வாங்கியிருந்தார். போயர் போரை எதிர்க்கவும், முதியோருக்கு அரசு ஓய்வூதியம் கேட்கவும் அதைப் பயன்படுத்தினார். தென் ஆப்பிரிக்கச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் அடிமைகள் போல நடத்தப்படுவதை அந்தப் பத்திரிகை வன்மையாகக் கண்டித்தது.

எதிர்க்கட்சிப் பத்திரிகையான ஸ்டாண்டர்டு 1908 செப்டம்பரில் தலையங்கம் எழுதியது. சீனர்களுக்காகக் கண்ணீர் விடுகிறவர், ஆப்பிரிக்க அடிமைகள் விளைவித்த கொக்கோவில் பணம் சேர்க்கிறாரே என்று குத்தியது. கேட்பரி கம்பெனி அவதூறு வழக்குத் தொடர்ந்தது. 1909 கடைசியில் பர்மிங்ஹாமில் விசாரணை நடந்தது. பத்திரிகையின் தரப்பில் எட்வர்டு கார்சன் என்ற பெரிய வக்கீல். தெரிந்த பிறகும் எத்தனை ஆண்டு, எவ்வளவு பணத்துக்கு வாங்கினீர்கள் என்று அவர் குறுக்கு விசாரணையில் துளைத்து எடுத்தார்.

ஜூரிகள் கேட்பரிக்குச் சாதகமாகவே தீர்ப்புச் சொன்னார்கள். ஆனால் நஷ்ட ஈடு எவ்வளவு தெரியுமா? ஒரு ஃபார்த்திங். அதாவது கால் பென்னி! வழக்கு வென்றது, நெஞ்சில் முள் தைத்தது. எழுபது வயதுப் பெரியவருக்கு அதைவிடக் கடுமையான தண்டனை இருந்திருக்க முடியாது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதில் அவ்வளவு கண்டிப்பாக இருந்தவர், அது யார் கையால் விளைந்தது என்பதில் எட்டு ஆண்டுகள் தாமதித்தார். அதன் பிறகு கம்பெனி கோல்டு கோஸ்ட் என்ற இன்றைய கானாவில், சொந்த நிலத்தில் பயிரிடும் சிறு விவசாயிகளின் கொக்கோவுக்கு மாறியது.

கடைசி நாட்கள்

ஜார்ஜ் கேட்பரி எளிமையாகவே வாழ்ந்தார். உட்புரூக் என்ற தம் பழைய மாளிகையை 1903-ல் குவேக்கர் கல்வி நிலையத்துக்குக் கொடுத்தார். 1931 அக்டோபரில் வட்டமேஜை மாநாட்டுக்காக இங்கிலாந்து சென்ற காந்தியடிகள், பர்மிங்ஹாம் வந்தபோது தங்கியது அந்த வீட்டில்தான்.

1922-ம் ஆண்டு அக்டோபர் 24-ந் தேதி, தமது 83-வது வயதில் ஜார்ஜ் கேட்பரி காலமானார். போர்ன்வில் பசும்புல் வெளியில் நடந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு 16,000 பேர் வந்தார்கள்.

நம் நாட்டில்

1948-ல் கேட்பரி கம்பெனி இந்தியாவில் கால் வைத்தது. 1965-ல் கேரளத்தில் கொக்கோ பயிரிடும் முயற்சிக்குத் துணை நின்றது. இன்று நம் ஆந்திராவின் கோதாவரிப் பக்கத் தென்னந்தோப்புகளிலும், தமிழ்நாட்டில் பொள்ளாச்சித் தோப்புகளிலும் ஊடுபயிராகக் கொக்கோ காய்க்கிறது.

2010-ல் கேட்பரியை அமெரிக்காவின் கிராஃப்ட் வாங்கியது. இப்போது மாண்டலீஸ் என்ற பெயரில் நடக்கிறது. அந்தக் கம்பெனி 2016-ல் நம் சத்தியவேடு அருகே ஸ்ரீசிட்டியில் ஒரு பெரிய ஆலையைத் திறந்தது. பர்மிங்ஹாம் பெயர் தாங்கிய சாக்லெட் நம் பக்கத்து ஊரில் தயாராகிறது! 1854-ல் கிடைத்த அரண்மனை அங்கீகாரம் 2024 டிசம்பரில் கேட்பரிக்குக் கை நழுவியது. மிட்டாய்த் தொழில் நமக்குப் புதிதல்ல. 1952-ல் தொடங்கிய நியூட்ரின் கம்பெனியால் சித்தூருக்கே ஒரு பெயர் உண்டு.

வாங்கும்போது கவனிக்க

பரிசு கொடுக்க நல்ல ஐரோப்பியச் சாக்லெட் வாங்குகிறவர்கள் சில விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலில் பெட்டியைத் திருப்புங்கள். சேர்மானப் பட்டியலில் எது அதிகமோ அது முதலில் இருக்கும். கொக்கோ வெண்ணெய் என்று இருப்பது நல்லது. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி மற்றத் தாவரக் கொழுப்பு 5 சதவீதம் வரை சேர்க்கலாம். ஆனால் அதை வெளிப்படையாக எழுத வேண்டும். இங்கிலாந்துக்காரர்கள் இந்தக் கொழுப்பைச் சேர்ப்பதை பெல்ஜியமும் பிரான்சும் எதிர்த்து, 30 ஆண்டுகள் சண்டை நடந்தது என்பது வேடிக்கையான செய்தி.

கொக்கோ சதவீதம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பாவில் பால் சாக்லெட்டில் பொதுவாகக் குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும். 70 சதவீதம் என்றால் நல்ல கசப்பு. நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் பிடிக்காது. வெள்ளைச் சாக்லெட்டில் கொக்கோ வெண்ணெய் உண்டு, கொக்கோத் தூள் கிடையாது. கசப்புச் சாக்லெட்டிலும் சர்க்கரை உண்டு என்பதை நீரிழிவுக்காரர்கள் மறக்கக் கூடாது.

பெல்ஜியத்துப் பிரலைன் வகை மிக உயர்ந்தது. 1912-ல் பிரசல்ஸ் நகரில் ஜான் நாய்ஹவுஸ் அதை உருவாக்கினார். உள்ளே பசுங்கிரீம் வைத்தவை சீக்கிரம் கெட்டுவிடும். விமானம், ரயில், பஸ் என்று மாறி வரும் பயணத்துக்கு அவை ஏற்றவை அல்ல. அதற்குச் சுவிஸ் பால் சாக்லெட் கட்டிகளோ, இத்தாலியின் ஹேசல்நட் பருப்புச் சேர்ந்தவையோ தேவலை. சிலவற்றின் உள்ளே மது வைத்திருப்பார்கள். சிலவற்றில் முட்டை இருக்கும். விரதம் இருக்கும் வீட்டுக்கும் குழந்தைகளுக்கும் கொடுக்குமுன் படித்துப் பாருங்கள்.

கொக்கோ வெண்ணெய் நம் உடம்புச் சூட்டுக்குச் சற்றுக் கீழேயே உருகிவிடும். அதனால்தான் நல்ல சாக்லெட் நாக்கில் கரைகிறது. நம் ஊர்க் கத்திரி வெயிலில் கல்லாக நிற்கும் சாக்லெட்டைப் பற்றிச் சந்தேகப்படலாம். உருகி மீண்டும் உறைந்தால் மேலே வெள்ளை பூத்துவிடும். அது பூஞ்சணம் அல்ல, கெடுதல் இல்லை, ருசி மட்டும் குறையும். சித்திரை, வைகாசி விசேஷங்களுக்குச் சாக்லெட்டைத் தவிர்த்து மைசூர்பாகு கொடுப்பதே புத்திசாலித்தனம்.

இங்கேயே கடையில் வாங்கினால், இறக்குமதி செய்தவரின் பெயரும் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அது இல்லாத பெட்டியைத் தொடாதீர்கள்.

கடைசியாக, கொக்கோ எங்கே விளைந்தது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா நாடுகளில் இருந்து வருகிறது. அங்கே தோட்டங்களில் சிறுவர்களை வேலை வாங்குவதை ஒழிக்க 2001-ல் கம்பெனிகள் ஒப்புக்கொண்டன. இன்னும் ஒழியவில்லை. விவசாயிக்கு நியாய விலை கொடுத்ததற்கான முத்திரை உள்ளவற்றைத் தேர்ந்தெடுப்பது, நம்மால் இயன்ற சிறு உதவி. நம் பிள்ளைக்குக் கொடுக்கும் இனிப்பை இன்னொரு பிள்ளை சுமந்திருக்கக் கூடாது அல்லவா?

போன வாரம் அந்த உறவுக்காரப் பையன் போன் செய்தான். ஆடியில் ஊருக்கு வருகிறானாம். என்ன வாங்கி வரட்டும் மாமா என்று கேட்டான். பெட்டியின் முன்பக்கத்தைப் பார்க்காதே, பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்கு என்றேன். கடையிலேயே நின்று, ஒவ்வொரு பெட்டியாகத் திருப்பிப் படித்துக் காட்டினான். நாலாவது பெட்டியில் கொக்கோவின் பெயர் முதலில் வந்தது.